வழுச்செய்தியும் தமிழ் பேசட்டும்

அலிபாபாவின் கதையைச் சிறு வயதில் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. குகைக்குள் நுழைந்த காசிம் பொற்காசுகளை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பும்போது, கதவைத் திறக்கும் சொல்லை மறந்துவிடுகிறான். எள்ளின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாற்கோதுமையின் பெயரைச் சொல்கிறான். தனக்குத் தெரிந்த தானியங்களின் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறான். கதவு அசையவில்லை. கள்வர்கள் திரும்பி வருகிறார்கள். அவனுடைய கதை அத்தோடு முடிகிறது.

பேராசையின் விளைவு என்றுதான் நம் மூத்தவர்கள் இந்தக் கதைக்குப் பொருள் சொன்னார்கள். பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எனக்கு இதில் வேறு இரண்டு பாடங்களும் தெரிகின்றன. முதலாவது, அந்த இரகசியச் சொல்லை அலிபாபா மரத்தின் மேலிருந்து ஒட்டுக்கேட்டுத்தான் அறிந்துகொண்டான். பிறர் காதில் விழும்படி சொன்ன சொல் இரகசியமாக இருக்க முடியாது. இரண்டாவது, கதவு தான் ஏன் திறக்கவில்லை என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கள்வனிடம் அப்படி வாய் மூடி நிற்பது நியாயமே. உரிமையாளரிடமும் அப்படியே நிற்கும் கதவை என்ன செய்வது?

இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இத்தகைய கதவுகள் ஐந்தாறு உண்டு. மின்னஞ்சல், இணையவழி வகுப்பு, வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் என்று அவை பெருகிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்கிறோமே, அந்தக் கடவைதான் இந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. கடந்து போவதற்கான வழி என்பது அதன் பொருள்.

தமிழ் பேசும் ஒரு பெண் பிள்ளை இந்தக் கடவைகளில் மறிக்கப்பட்டால், ஏன் மறிக்கப்பட்டாள், என்ன செய்தால் அப்பால் போகலாம் என்பதை அவளுடைய மொழியில் தெளிவாகச் சொல்வது செய்நிரலை எழுதியவரின் கடமை என்பது என் கருத்து. அந்தக் கடமை தவறும்போது நம் பிள்ளைகளின் சாவிகள் பிறர் கைகளுக்குப் போகின்றன.

வகுப்பில் எழுதும் பயிற்சி

நம் நாட்டில் க.பொ.த. உயர்தர மாணவிகள் பைதன் என்னும் கணினி மொழியில் செய்நிரல் எழுதப் பழகுகிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொஸம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி இது. இதைக் கற்பவர்கள் எழுதிப் பார்க்கும் பயிற்சிகளில் ஒன்று, கடவுச்சொல்லைச் சோதிக்கும் செய்நிரல். பயனர் ஒரு சொல்லைத் தட்டச்சுச் செய்கிறார். அதில் 8 எழுத்துகளாவது உண்டா, ஆங்கிலப் பேரெழுத்து உண்டா, இலக்கம் உண்டா, விசேட குறியீடு உண்டா என்று செய்நிரல் பார்க்கிறது. எல்லாம் இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. ஒன்று குறைந்தாலும் பிழை என்று திருப்பி அனுப்புகிறது. இதையே வலிதாக்கல் என்கிறோம். இருபது வரிகளுக்குள் எழுதிவிடலாம்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று மாணவிகள் கேட்பதில்லை. அமெரிக்க அரசின் நியமங்களுக்கும் தொழினுட்பத்துக்குமான தேசிய நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அதை எழுதியவர் பில் பர். பேரெழுத்து, இலக்கம், குறியீடு ஆகியவற்றைக் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற பழக்கம் அதன்பின் உலகெங்கும் பரவியது. மக்கள் என்ன செய்தார்கள்? முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கி, கடைசியில் பிறந்த ஆண்டையும் ஓர் ஆச்சரியக்குறியையும் சேர்த்தார்கள். விதி நிறைவேறியது, ஊகிப்பவனுக்கும் வேலை எளிதானது.

2017 இல் அதே நிறுவனம் தன் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது. குறியீடும் இலக்கமும் கலக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம்; காரணமின்றிக் கால எல்லை வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம்; 64 குறிகள் வரையாவது நீளமாக எழுத இடம் கொடுங்கள்; ஏற்கெனவே கசிந்த, பலரும் பயன்படுத்துகிற கடவுச்சொற்களை மட்டும் மறுத்துவிடுங்கள் என்றது. தன் பழைய ஆலோசனைகளில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பில் பர் அதே ஆண்டில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்.

பலரும் பயன்படுத்துவதை ஏன் மறுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2009 டிசெம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றில் அதிகமானோர் வைத்திருந்தது 123456. இத்தகைய பட்டியல்கள் இன்று எல்லாக் கள்வர்களிடமும் இருக்கின்றன.

2017 ஆம் ஆண்டு வழிகாட்டியில் நம் கட்டுரைக்கு மிகவும் வேண்டிய வரி இன்னொன்று. ஒரு கடவுச்சொல்லை மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தைப் பயனருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அது விதிக்கிறது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்கள், தெளிவான வழுச்செய்தியைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறார்கள்.

‘எழுவைதீவு’ என்று எழுதிப் பார்ப்போம்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, பாலமில்லாமல் கடலுக்குள் இருக்கும் சிறிய தீவு எழுவைதீவு. ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். அந்தப் பெயரை நம் பயிற்சிச் செய்நிரலுக்குக் கொடுத்துப் பார்ப்போம்.

எ, ழு, வை, தீ, வு. தமிழ் படித்த எவரும் ஐந்து எழுத்து என்பார்கள். பைதனின் ‘லென்’ என்ற சார்பிடம் கேட்டால் 9 என்று விடை வரும். யுனிகோட் முறையில் உயிர்மெய்யின் உகரக் கொம்பும் ஐகாரக் குறியும் தனித்தனிக் குறிகள். பைதன் அவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. இது பெரிய குறையில்லை. எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான்.

அடுத்த சோதனையில்தான் சிக்கல். ஒரு சொல்லில் எழுத்துகள் மட்டுமே உள்ளனவா என்று பார்க்கப் பைதனில் ‘இஸ்ஆல்ஃபா’ என்று ஒரு வசதி உண்டு. எழுவைதீவு என்று கொடுத்தால், இல்லை என்கிறது. பல என்ற சொல்லுக்கு ஆம் என்கிறது. பால் என்ற சொல்லுக்கு இல்லை என்கிறது. காலும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தாக வருவதில்லை. பாத்திமா என்று ஒரு பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதினால், ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்’ என்று அவளுக்கே பாடம் சொல்லும் படிவம் இப்படித்தான் உருவாகிறது.

பேரெழுத்துச் சோதனையைப் பாருங்கள். தமிழில் பேரெழுத்தும் இல்லை, சிற்றெழுத்தும் இல்லை. ஆகவே தமிழ் எழுத்துகளால் மட்டும் எழுதிய எந்தக் கடவுச்சொல்லும், அது எவ்வளவு நீளமானாலும், அந்தச் சோதனையில் ஒருநாளும் தேறாது. விசேட குறியீட்டுச் சோதனையை எழுத்தும் இலக்கமும் அல்லாதது எது என்று கேட்டு எழுதியிருந்தால், நம் உகரக் கொம்பையே விசேட குறியீடு என்று ஏற்றுக்கொண்டுவிடும். சிரிப்பாக இருக்கிறது. ஆனால், இந்த விதிகளை எழுதியவர்களின் மனக்கண்ணில் ஆங்கிலம் எழுதும் ஒருவர் மட்டுமே இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். எல்லாரும் தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. இன்னொருவருடைய கணினியில் தமிழ் விசைப்பலகை இருக்காமல் போகலாம். கொ என்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ஒரே உயிர்க்குறியாகவும், வேறொன்று ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. பைதனில் ‘யுனிகோட்டேட்டா’ என்ற தொகுதியைக் கொண்டு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்பே ஒப்பிட வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் கணினியில் 3 பைற்றுகள் பிடிக்கிறது. கடவுச்சொல்லை மறைகுறியாக மாற்றப் பலர் பயன்படுத்தும் பீகிரிப்ட் முறை 72 பைற்றுகளுக்கு மேல் கணக்கிலெடுப்பதில்லை. அதாவது 24 தமிழ்க் குறிகளோடு நின்றுவிடும். இவற்றையெல்லாம் அறிந்து, கவனமாக எழுதினால் தமிழையும் ஏற்கலாம். ஏற்க இயலாத இடத்தில், ‘இங்கு ஆங்கில எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்’ என்று தமிழிலேயே சொல்லிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு என்ன தடை இருக்கிறது?

ஒரு தாளுக்கு ஒரு படகு

எழுவைதீவிலிருந்து பிரதேச செயலகத்துக்குப் போகிறவர் படகேறி ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும். அங்கே ஓர் உத்தியோகத்தர், “கிராம அலுவலரின் கடிதம் இல்லையே” என்று திருப்பி அனுப்பினால் அன்றைய நாள் போயிற்று. மறுநாள் கடிதத்தோடு வந்தால், “அடையாள அட்டைப் பிரதி எங்கே?” என்று கேட்டால் இன்னொரு நாள். இருக்கிற குறைகளையெல்லாம் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு படகுப் பயணத்தோடு முடிந்திருக்கும். இத்தகைய அனுபவம் தீவுகளில் மட்டுமின்றி நாடெங்கும் நம் பெற்றோருக்கு உண்டு.

நம் செய்நிரல்களில் பெரும்பாலானவை அந்த உத்தியோகத்தரைப் போலத்தான் நடந்துகொள்கின்றன. நீளம் போதாது என்று ஒரு முறை. நீளத்தைச் சரிசெய்தால் இலக்கம் இல்லை என்று மறுமுறை. இலக்கத்தைச் சேர்த்தால் இது பலரும் பயன்படுத்துவது என்று மூன்றாம் முறை. பைதனில் இதைத் திருத்துவது மிக எளிது. முதல் குறையைக் கண்டதும் நின்றுவிடாமல், காணும் குறைகளை ஒரு பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், இறுதியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டினால் போதும். இன்னும் நல்லது, விதிகளை முன்கூட்டியே, தட்டச்சுச் செய்யும் பெட்டிக்கு மேலேயே எழுதி வைப்பது.

‘தவறான உள்ளீடு’ என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது ‘இன்வாலிட் இன்புட்’ என்று ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் வந்தாலும் அதனால் பயன் இல்லை. எது தவறு என்று அது சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘நீங்கள் இட்டது 9 குறிகள். குறைந்தது 12 தேவை. இன்னும் 3 சேர்க்கவும்.’ அல்லது: ‘இது பலரும் பயன்படுத்தும் கடவுச்சொல். எளிதில் ஊகிக்கலாம். வேறொன்றைத் தெரிவுசெய்யவும்.’ என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் இதில் உண்டு. பயனரைக் குறை சொல்லும் தொனி இல்லை.

பேசாமலிருப்பதும் சில வேளைகளில் ஒரு வழுச்செய்தியாகிவிடும். பைதனில் ‘கெட்பாஸ்’ என்ற தொகுதி, தட்டச்சுச் செய்யும் கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் மறைக்கிறது. வழக்கமாக ஒரு புள்ளிகூடத் தோன்றாது. பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் முதன்முறை பார்க்கிறவர் விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று நினைப்பார். ‘நீங்கள் எழுதுவது திரையில் தெரியாது, எழுதி முடித்து என்டர் விசையை அழுத்தவும்’ என்று ஒரு வரி முன்னே இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

சாவி யார் கையில்?

எழுவைதீவுப் பிள்ளைகளுக்குக் கற்பித்த என் தோழி ஒருத்தி சொன்ன சம்பவம் இது. உயர்தரம் எழுதிய மாணவி ஒருத்தி ஒரு பாடநெறிக்கு இணையவழியாக விண்ணப்பிக்க, தகப்பனின் கைத்தொலைபேசியில் கணக்குத் தொடங்கினாள். கடவுச்சொல்லை இரு முறை எழுதச் சொன்னது, எழுதினாள். ஆங்கிலத்தில் ‘இன்வாலிட்’ என்றது. மூன்று முறை அப்படியே. பிறகு, முயற்சிகள் அதிகமாகிவிட்டன என்று கணக்கே பூட்டிக்கொண்டது.

கடலுக்குப் போகும் மனிதர் அவர். மறுநாள் தொழிலை விட்டுவிட்டு, மகளுடைய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு படகில் ஊர்காவற்றுறைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் போனார். ஒரு கடையில் இருந்த இளைஞனிடம், “தம்பி, பிள்ளையின்ரை போம் போகுதில்லை, ஒருக்காப் பாரும்” என்றார். அந்தப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் வேறொரு கணக்குத் திறந்து, தானே ஒரு கடவுச்சொல்லும் வைத்து, “ஐயா, நான் இஞ்சை எழுதி வைச்சிருக்கிறன், மறந்தால் வாங்கோ” என்று கொப்பியில் குறித்துக்கொண்டான். அவன் கெட்டவனில்லை, உதவிதான் செய்தான்.

உண்மையில் நடந்த பிழை என்ன தெரியுமா? கைத்தொலைபேசி விசைப்பலகை, சொல்லைத் தானாக முடித்துவிட்டு, அதன் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிட்டது. அந்தப் படிவம் இடைவெளியை ஏற்காது. என் தோழி பிறகு அதே கைத்தொலைபேசியில் முயன்று பார்த்துக் கண்டுபிடித்தாள். ‘கடைசியில் ஓர் இடைவெளி உள்ளது, அதை நீக்கவும்’ என்று திரை சொல்லியிருந்தால், அந்த மனிதரின் ஒரு நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும். மகளுடைய விண்ணப்பத்தின் சாவி முன்பின் தெரியாத ஒருவரின் கொப்பியில் இருந்திருக்காது.

பெற்றோரே, இதை நீங்கள் சிந்திக்க வேண்டும். அந்தக் கணக்குக்குள் பிள்ளையின் முழுப் பெயர், முகவரி, பிறந்த திகதி, புகைப்படம், தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கின்றன. பாடநெறித் தெரிவை மாற்றும் அதிகாரமும் அதற்குள்தான் இருக்கிறது. நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தலாம். நாமே நம் கையால் கொடுத்துவிட்ட சாவியைச் சட்டம் திருப்பி வாங்கித் தராது. பெண் பிள்ளைகளின் புகைப்படங்களும் தொலைபேசி இலக்கங்களும் தவறான கைகளில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுவைதீவைப் பின்தங்கிய ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன், சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் மின்பிறப்பாக்கி ஆகியவற்றை இணைத்து மின்சாரம் தரும் அமைப்பு அங்கே இருக்கிறது. அத்தகைய தொழினுட்பம் கடல் கடந்து போய்விட்டது. ஒரு தமிழ் வாக்கியத்துக்குத்தான் இன்னும் படகு கிடைக்கவில்லை.

மூன்று மறுப்புகள்

இப்படிச் சொல்லும்போது மூன்று மறுப்புகள் வருவதைக் கேட்டிருக்கிறேன்.

முதலாவது, விளக்கமாகச் சொன்னால் கள்வனுக்கு உதவியாகிவிடும் என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் கடவுச்சொல்லை உருவாக்கும் நேரம் வேறு, அதைக் கொண்டு உள்ளே நுழையும் நேரம் வேறு. உருவாக்கும்போது எல்லா விதிகளையும் சொல்லலாம். அவற்றில் இரகசியம் ஒன்றுமில்லை. நுழையும்போது, ‘கடவுச்சொல்லின் மூன்றாம் எழுத்துப் பிழை’ என்று சொல்லக் கூடாது. ‘இந்தப் பெயரில் கணக்கே இல்லை’ என்றும் சொல்லக் கூடாது. யார் யாருக்குக் கணக்கு உண்டு என்று ஒருவன் தேடிப் பார்க்க அது வழிவிடும். ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் பொருந்தவில்லை. இன்னும் 2 முயற்சிகள் உண்டு. மறந்திருந்தால் இங்கே அழுத்தவும்’ என்றால் போதும். குறைவாகச் சொல்லியும் தெளிவாகச் சொல்லலாம்.

அதேபோல, செய்நிரல் இடையில் முறிந்தால் பைதன் தன் உள் விவரங்களையும் வரி எண்களையும் ஆங்கிலத்தில் கொட்டிவிடும். அது செய்நிரல் எழுதியவருக்கு வேண்டியது. பயனருக்குக் குழப்பம், கள்வனுக்கு லாபம். ‘ட்ரை’, ‘எக்ஸெப்ட்’ என்ற கூற்றுகளைக் கொண்டு அதைப் பிடித்து, விவரத்தைத் தனிக் கோப்பில் எழுதிவிட்டு, பயனருக்கு எளிய தமிழில் ஒரு வரி காட்ட வேண்டும். அந்தக் கோப்பிலும் கடவுச்சொல்லை எழுதக் கூடாது. திரையில் காட்டும் செய்தி எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கணினியில் கடவுச்சொல்லை முதன்முதலில் பயன்படுத்தியவற்றில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அமைத்த கணினி முறை. 1960களில் ஒருநாள், உள்ளே வருவோருக்குக் காட்டும் அறிவித்தலும் கடவுச்சொற்கள் இருந்த கோப்பும் இடம் மாறிப்போக, எல்லாருடைய கடவுச்சொற்களும் எல்லாருக்கும் அறிவித்தலாகக் காட்டப்பட்டன. கடவுச்சொல்லை உள்ளபடியே சேமிக்கக் கூடாது, திருப்பிப் படிக்க முடியாத மறைகுறியாக மாற்றியே வைக்க வேண்டும் என்ற விதியின் அருமை இதிலிருந்து விளங்கும். ஆகவே, ‘உங்கள் பழைய கடவுச்சொல் இதுதான்’ என்று எந்த இடமாவது உங்களுக்கு அனுப்பினால், அது உங்கள் சொல்லை மறைக்காமல் வைத்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது மறுப்பு, ஆங்கிலம் படித்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை என்பது. பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். ஆனால் 1987 இல் கொண்டுவந்த 13 ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிகளுக்கு 2010 ஆம் ஆண்டிலேயே வழி பிறந்துவிட்டது. முகவரியைத் தமிழில் எழுதலாம், கதவைத் தட்டலாம், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும் என்றால் அது அரைகுறை மரியாதை. கடலுக்குப் போகும் தகப்பனும் வீட்டிலிருக்கும் உம்மாவும் ஒரு படிவத்தை நிரப்புவதற்காக ஆங்கிலம் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

மூன்றாவது மறுப்பு பெற்றோரிடமிருந்து வருவது. பிள்ளைகளுக்கு இரகசியச் சொல் எதற்கு, எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்பது. உங்கள் கவலை நியாயமானது. சிறு பிள்ளையின் கணக்கைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்கத்தான் வேண்டும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டு அலுமாரியில் உறுதிப் பத்திரங்களோடு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் அந்த உறை வேறு. கடைக் கொப்பி, தோழியின் கைத்தொலைபேசி, உறவுக்கார இளைஞனின் நினைவு ஆகியவை வேறு. கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டு எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

மாணவிகளிடம் கேட்பது

மாணவிகளே, உங்களுக்கென்று கடவுச்சொல் வைக்கும்போது நீளத்தை நம்புங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதும் கடினம். பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை இலக்கம், எல்லாருக்கும் தெரிந்த பாட்டு வரி ஆகியவை வேண்டாம். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள். மற்றக் கணக்குகளைத் திறக்கும் வழி அதுதான். கடையிலோ உறவினர் உதவியாலோ கணக்குத் தொடங்கியிருந்தால், இன்றைக்கே புதிய சொல்லை நீங்களே வைத்துவிடுங்கள்.

உங்களில் சிலர் நாளை செய்நிரல் எழுதும் தொழிலுக்குப் போவீர்கள். அந்த வேலையில் இருக்கும்போது, ‘இன்வாலிட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தச் சொல்லின் மறுபக்கத்தில் படகுக்காக இறங்குதுறையில் நிற்பவரை நீங்கள் பார்க்கவும் மாட்டீர்கள். பழக்கத்தை இப்போதே, வகுப்புப் பயிற்சியிலிருந்தே தொடங்குங்கள். பயிற்சிக்குரிய புள்ளிகளைச் செய்நிரல் ஓடுகிறதா என்பதற்கு மட்டும் கொடுக்காமல், பிழையான உள்ளீட்டுக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்பதற்கும் கொடுக்கும்படி என்னோடு பணியாற்றும் ஆசிரியைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

சோதிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். கடவுச்சொல் செய்நிரலை எழுதி முடித்ததும் உம்மாவின் முன்னால் கணினியை வையுங்கள். வேண்டுமென்றே குறைவான எழுத்துகளில், 123456 என்று, தமிழில், கடைசியில் இடைவெளி விட்டு என்று பலவிதமாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு விளக்கமும் கொடுக்கக் கூடாது. திரையில் வருவதை அவர் படித்து, தானாகவே அடுத்த அடி எடுத்து வைத்தால் உங்கள் செய்நிரல் சரி. “இது என்னம்மா சொல்லுது?” என்று உங்களைத் திரும்பிப் பார்த்தால், அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.